கல்லுக்கு மெருகேற்றும் முறை

குஜராத்தின் கம்பாத் நகரில் முற்காலத் தொழிலாளர் அகேட் கற்களைக் குருந்தப் பொடியும் நீரும் சேர்த்துத் தோற்பையிலிட்டு, நாட்கணக்கில் உருட்டி மெருகேற்றினர். இன்று அப்பணியை மின்சார உருளை செய்கிறது. வீட்டில் முயலும் அன்பர்களுக்கு நாம் கூற விரும்புவன சில.

ஒத்த கடினமுள்ள கற்களால் உருளையை முக்கால் பாகம் நிரப்புக. சிலிக்கன் கார்பைடு பொடியில் முதலில் 60/90, பின்பு 220, அதன்பின் 500 என மாற்றி, ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரு வாரம் சுழலவிடுக. எண் பெருகப் பெருகப் பொடி நுண்மையாகும். இறுதியில் அலுமினியம் ஆக்சைடு இடுக.

மெருகு மங்கினால் பலர் இறுதிப் பொடியையே குறை கூறுவர். பெரும்பாலும் குறை முந்தைய படிகளில் உள்ளது. பருந்துகள் ஒன்று தங்கினும் கீறல் விழும். ஆதலின் ஒவ்வொரு முறையும் கற்களையும் உருளையையும் நன்கு கழுவுக. நனைந்த கல் எதுவும் மின்னும். உலர்த்திப் பார்த்த பின்னரே அடுத்த படிக்குச் செல்வோமாக.