சிங்கக் காட்டில் சஞ்சிக்கூலிகள்

பினாங்கில் பயண நிறுவனங்களின் கண்ணாடிகளில் ஆப்பிரிக்கச் சிங்கத்தின் படத்தையும் பார்க்கலாம். 'சஃபாரி போகலாம், வாருங்கள்' என்று அழைக்கிறார்கள். சஃபாரி என்பது கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலி மொழியில் பயணத்தைக் குறிக்கும் சொல். அரபு மொழியிலிருந்து அங்கே போனது. நம் மலாய் நண்பர்கள் வழிப்போக்கரை 'முசாஃபிர்' என்கிறார்கள் அல்லவா, அதற்கும் இதற்கும் வேர் ஒன்றுதான்.

அந்தப் பயணத்தின் கட்டணம் தோட்டப்புறத்துச் சம்பளத்துக்கு எட்டாது. அது போகட்டும். அந்தக் காட்டுக்கு முதலில் பாதை போட்டவர்கள் யார் என்பதையாவது நாம் தெரிந்து வைத்துக்கொள்ளலாமே!

1896-ஆம் ஆண்டு, கென்யாவின் மொம்பாசா துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரிவரை வெள்ளையர் அரசாங்கம் ரயில் பாதை போடத் தொடங்கியது. ஏறக்குறைய 580 மைல். வேலைக்கு இந்தியாவிலிருந்து 31,983 பேரைக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் பஞ்சாபியர், கராச்சியில் கப்பலேறியவர்கள். மூன்றாண்டு ஒப்பந்தம். நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கு வந்து, ஜெரஜாக் தீவில் நோய் பார்த்து நிறுத்தி வைக்கப்பட்டு, பிறகு செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன அதே காலம். மொழி வேறு, கடல் வேறு. ஆனால் அவர்களும் சஞ்சிக்கூலிகளே.

1898 மார்ச்சில் வேலை, கடற்கரையிலிருந்து 130 மைல் அளவில் உள்ள சாவோ ஆற்றை எட்டியிருந்தது. பாலம் கட்ட வந்த பொறியாளர் பேட்டர்சன் என்ற ராணுவ அதிகாரி. அவர் வந்த சில நாள்களிலேயே கூடாரங்களில் தூங்கியவர்கள் ஒவ்வொருவராகக் காணாமற்போனார்கள். இரண்டு ஆண் சிங்கங்கள்! உங்கான் சிங் என்ற சீக்கிய ஜமேதாரை, மற்றவர்களோடு படுத்திருந்த கூடாரத்திலிருந்தே தொண்டையைக் கவ்வி இழுத்துப் போயின. சுற்றிலும் முள்வேலி போட்டார்கள், தீ மூட்டினார்கள், தகரத்தைத் தட்டினார்கள். எதற்கும் அவை அஞ்சவில்லை. முகாம்கள் பல மைல் தூரம் சிதறிக் கிடந்ததால் இன்றிரவு இங்கே, நாளை அங்கே. நோயாளிகள் கிடந்த மருத்துவக் கூடாரத்தையும் விடவில்லை.

இருட்டோடு லைட்டைக் கட்டிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் போன நம் பெரியவர்களைக் கேளுங்கள். புலி நடமாட்டம் என்று சேதி வந்தால் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று சொல்வார்கள். சாவோவில் அந்த அச்சம் ஒன்பது மாதம் நீடித்தது. சிலர் மரத்தில் ஏறித் தூங்கினார்கள், சிலர் தண்ணீர்த் தொட்டியின் மேல். சிலர் கூடாரத்துக்குள்ளேயே குழி தோண்டி, மேலே கட்டைகளை அடுக்கி உள்ளே படுத்தார்கள். ஓர் இரவு கூட்டம் தாங்காமல் மரமே சாய்ந்துவிட்டது.

டிசம்பர் முதல் தேதி தொழிலாளர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வந்த ரயிலின் முன் தண்டவாளத்தில் விழுந்து அதை நிறுத்தி, நூற்றுக்கணக்கானோர் ஏறிப் போய்விட்டார்கள். மூன்று வாரம் பாலத்து வேலை நின்றது. இதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

டிசம்பர் 9-ஆம் தேதி முதல் சிங்கம் சுடப்பட்டது; இருபது நாள் கழித்து மற்றொன்று. எஞ்சியிருந்த தொழிலாளர்கள் பேட்டர்சனுக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம் பரிசளித்தார்கள்.

சிங்கங்கள் ஏன் மனிதரைத் தேடின? அந்த ஆண்டுகளில் மாட்டுக் கொள்ளைநோய் பரவி, அவற்றின் இரையான எருமைகளை அழித்திருந்தது. ஒரு சிங்கத்துக்குக் கோரைப்பல் உடைந்து சீழ் பிடித்திருந்ததையும் பின்னாளில் கண்டுபிடித்தார்கள்.

எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில்தான் மனம் நிற்கிறது. 1907-இல் வந்த தம் நூலில் பேட்டர்சன் இந்தியர் 28 பேர் என்றார். ஆப்பிரிக்கர் பலரும் மாண்டார்கள், அவர்களுக்குக் கணக்கே எழுதப்படவில்லை என்றார். பிறகு அவரே 135 என்றார். 2009-இல் விஞ்ஞானிகள் சிங்கங்களின் எலும்பையும் மயிரையும் சோதித்து, தின்னப்பட்டவர்கள் 35 பேர் அளவில் இருக்கலாம் என்றார்கள். செத்தவர் எண்ணிக்கையைச் சிங்கத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது! சயாம் மரண ரயிலுக்கு உறவைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு இதன் கனம் புரியும்.

சிங்கம் கொன்றது கொஞ்சமே. முழுப் பாதைக்கும் பலியான இந்தியர் 2,493 பேர், பெரும்பாலும் நோயால். மைலுக்கு நான்கு உயிருக்கு மேல். உடல் கெட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 6,454. நலமாகத் திரும்பியவர்கள் 16,312. அங்கேயே தங்கியவர்கள் 6,724. கூட்டிப் பாருங்கள், முன்சொன்ன 31,983 வரும். இன்றைய தலைநகர் நைரோபி, 1899-இல் இவர்கள் தண்டவாளம் போட்டு எட்டிய வெறும் சதுப்பு நிலம்தான்.

பாதை முடிந்தது, வேட்டைக்காரப் பிரபுக்கள் வந்தார்கள். அமெரிக்க அதிபராக இருந்த ரூஸ்வெல்ட் 1909-இல் ரயில் இஞ்சினின் முன்னால் அமர்ந்து காட்டைப் பார்த்துக்கொண்டே போனார். அவரும் மகனுமாக 512 விலங்குகளைச் சுட்டார்கள். 1948-இல் சாவோ தேசியப் பூங்கா ஆயிற்று. 1977-இல் கென்யா வேட்டையைத் தடை செய்தது. இன்று சுடுவது புகைப்படக் கருவிதான்.

பேட்டர்சன் அந்தத் தோல்களைக் கால் நூற்றாண்டு தம் வீட்டில் விரிப்பாகப் போட்டிருந்து, 1924-இல் 5,000 டாலருக்குச் சிக்காகோ அருங்காட்சியகத்துக்கு விற்றார். பாடம் செய்த அந்த இரண்டு சிங்கங்களையும் இன்றும் அங்கே பார்க்கலாம். பிடரி மயிர் இல்லாததால், படத்தைக் காட்டினால் பிள்ளைகள் பெண் சிங்கம் என்றே சொல்வார்கள்.

2017-இல் சீனர்கள் கட்டிய புதிய ரயில் மொம்பாசாவிலிருந்து நைரோபிக்கு அதே சாவோ வழியாக ஓடுகிறது. யானைகள் அடியில் கடந்துபோகப் பாதையை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். போகும் வாய்ப்புள்ளவர்கள் வோய் நிலையத்தில் இறங்கினால் பூங்கா பக்கத்தில்தான்.