மாம்பழப் பெட்டியில் சிரிப்பு!

ஸ்டாம்ப் சேர்ப்பவர்களுக்கு ஊரில் மரியாதை உண்டு. பழைய நாணயம் சேர்ப்பவரென்றால் கேட்கவே வேண்டாம்... கண்காட்சியில் மேஜை போட்டுக் கொடுப்பார்கள், ஷீல்டு கொடுப்பார்கள். ஆனால், 'நான் காமெடி கேசட் சேர்க்கிறேன்' என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். ஏற இறங்க ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வீட்ல எல்லாரும் சௌக்கியந்தானே?" என்று கேட்பார்கள்!

நான் அந்த ரகம்தான். பெரியகுளம் தென்கரையில் இருக்கிற என் வீட்டுப் பரணில் நாலு மாம்பழப் பெட்டிகள் இருக்கின்றன. (எங்கள் ஊரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் மாம்பழப் பெட்டிக்குப் பஞ்சம் வராது.) முதல் பெட்டியில் நகைச்சுவை நாடக ஆடியோ கேசட்டுகள். இரண்டாவதில் பட்டிமன்றக் கேசட்டுகள். மூன்றாவதில் டி.வி-யிலிருந்து நானே பதிவு செய்த வீடியோ கேசட்டுகள். நாலாவதில் வி.சி.டி., டி.வி.டி. வகையறா.

வீடியோ கேசட் மட்டும் அறுபது தேறும். மூன்று மணி நேரக் கேசட் ஒன்றுக்குள் சுமார் 250 மீட்டர் நாடா இருக்கிறது. அறுபதையும் பிரித்து ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால் பதினைந்து கிலோமீட்டர்! பெரியகுளத்தில் ஒரு முனையைக் கட்டிவிட்டு இழுத்துக்கொண்டே போனால், கிட்டத்தட்ட தேனிக்கே போய்விடலாம். இந்தக் கணக்கை ஒருநாள் பெருமையாக வீட்டில் சொன்னேன்.

"அப்படியே இழுத்துக்கிட்டுப் போய் அங்கயே விட்டுட்டு வந்துருங்க. பரணாவது காலியாகும்!" என்றாள் என் சகதர்மிணி.

சிரிப்பைச் சேர்த்து வைக்க வேண்டும் என்கிற ஆசை எப்படி வந்தது? மெட்ராஸ்காரர்களுக்கு இது புரியாது. அவர்களுக்கு சாயங்காலமானால் சபா. எஸ்.வி.சேகர் ஒரு பக்கம், 'கிரேஸி' மோகன் ஒரு பக்கம் என்று வாரா வாரம் நாடகம். பெரியகுளத்தில் எங்கே போவது? கேசட்தான் எங்களுக்கு சபா. 'மகாபாரதத்தில் மங்காத்தா', 'காட்டுல மழை' எல்லாம் மெட்ராஸில் மேடையேறி, கேசட்டாகி, பஸ் ஏறி எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தன. அந்த நாளில் கேசட்டுக்கு இருந்த மவுசே தனி. 1984-ல் வந்த 'விதி' படத்தின் கதை வசனக் கேசட்டைப் போடாத டீக்கடை உண்டா? வசனம் முடிகிறவரை பெஞ்சை விட்டு ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டார்கள். பிறகு திண்டுக்கல் லியோனியின் பட்டிமன்றக் கேசட்டுகள் வந்தன. திருவிழாவா, கல்யாணமா, காதுகுத்தா... மைக்செட்காரர் அதைப் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போய்விடுவார்.

நாடகக் கேசட்டில் ஒரு வேடிக்கை உண்டு. திடீரென்று அரங்கமே 'கொல்'லென்று சிரிக்கும். வசனம் ஒன்றும் இருக்காது! மேடையில் யாரோ வழுக்கி விழுந்திருப்பார்கள், இல்லை, முழித்திருப்பார்கள். எங்களுக்கு என்ன தெரியும்? என் அப்பத்தா டேப் ரிக்கார்டரையே உற்றுப் பார்த்துக்கொண்டு, "எதுக்குடா இப்பச் சிரிச்சாய்ங்க?" என்று கேட்கும். "வேட்டி அவுந்துருக்கும் அப்பத்தா" என்பேன். அதற்கப்புறம்தான் அப்பத்தா சிரிக்கும். அதே இடத்துக்குச் சித்தப்பா வேறொரு காரணம் சொல்வார். நாங்கள் பார்க்காத நாடகத்துக்கு ஆளாளுக்கு ஒரு காட்சி வைத்திருந்தோம்!

அடுத்தது டி.வி. யுகம். கொடைக்கானல் மலை மேல் தூர்தர்ஷன் டவர்... மலைக்குக் கீழே நாங்கள். எஸ்.வி.சேகரின் 'வண்ணக் கோலங்கள்' வருகிற நேரத்தில் தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். ஆனால், பார்த்தால் பார்த்ததுதான். மறுபடி பார்க்க வேண்டுமென்றால் டெக்கும் வேண்டும், காலிக் கேசட்டும் வேண்டும். டெக்கை வாடகைக்கு எடுத்து விடிய விடிய நாலு படம் பார்ப்பதே கல்யாண வீட்டு ஆடம்பரமாக இருந்த காலம் அது.

அதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி டேப் ரிக்கார்டர்! டி.வி. ஸ்பீக்கர் முன்னால் ஒரு ஸ்டூல். ஸ்டூல் மேல் டேப் ரிக்கார்டர். டைட்டில் இசை ஆரம்பித்ததும் சிவப்புப் பட்டனையும் பக்கத்துப் பட்டனையும் சேர்த்து ஒரே அமுக்கு. அரை மணி நேரத்துக்கு வீட்டில் 144 தடை உத்தரவு. யாரும் பேசக் கூடாது, இருமக் கூடாது, பாத்திரம் உருட்டக் கூடாது. ஆனால், சிரிப்புக்கு யார் தடை போட முடியும்? முதலில் மூக்கால் சிரிப்பார்கள், அப்புறம் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். கடைசியில் என் அப்பா வெடித்துவிடுவார். அவர் சிரித்த சிரிப்பில் அடுத்த இரண்டு வசனம் கேசட்டில் இருக்காது!

வீடியோ டெக் வாங்கியது பிற்பாடு. மதுரை டவுன்ஹால் ரோட்டில், யாரோ வைத்திருந்து விற்றதை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு வத்தலக்குண்டு வழியாக பஸ்ஸில் வந்தேன். வீடியோ கேசட்டின் முதுகில் ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன் மேல் வேறெதையும் பதிவு செய்ய முடியாது. நானும் வரிசையாக உடைத்து வைத்தேன். ஆனால், உடைத்த ஓட்டையில் செல்லோ டேப் ஒட்டினால் மறுபடி பதிவாகும் என்கிற சூட்சுமம் என் மைத்துனருக்குத் தெரிந்திருந்தது. ஒரு தீபாவளிக்கு வந்தவர், என் அருமையான நாடகம் ஒன்றின் மேல் கிரிக்கெட் மேட்சைப் பதிவு செய்துவிட்டுப் போனார். மேட்சில் நாம் தோற்றுப் போனது வேறு விஷயம்!

2000-க்குப் பிறகு விஜய் டி.வி-யில் 'லொள்ளு சபா' வந்தது. ராம்பாலா இயக்கியது. ஊரே கொண்டாடிய படங்களை எடுத்து, அரை மணி நேரத்தில் துணி துவைக்கிற மாதிரி துவைத்துக் காயப்போட்டார்கள். சந்தானம், ஜீவா, மனோகர், சுவாமிநாதன், சேஷு என்று ஒரு கோஷ்டி. அட்டையில் செய்த செட்டு, ஒட்டாத மீசை... ஒட்டாதது தெரிய வேண்டும் என்பதுதான் ஜோக்கே! 2007-ல் 'போக்கிரி' படத்தை 'பேக்கரி'யாக்கியபோது ரசிகர்கள் கொந்தளித்தது நினைவிருக்கும். சந்தானம் சினிமாவுக்குப் போய் ஹீரோவே ஆனார். ஆரம்பத்தில் அதில் சின்னச் சின்ன வேஷத்தில் வந்த யோகி பாபுவும் இன்று பெரிய நடிகர். மற்றவர்களுக்கு 'லொள்ளு சபா' என்பது இனிஷியல் மாதிரி பேருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. 2024 மார்ச்சில் சேஷு காலமானபோதுகூட, செய்தியில் 'லொள்ளு சபா சேஷு' என்றுதான் வந்தது.

இதையெல்லாம் கம்பெனியே கேசட்டாகப் போட்டு விற்றால் நான் ஏன் ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்திருக்க வேண்டும்? மோசர் பேர் கம்பெனி 2007 வாக்கில் சினிமா வி.சி.டி-யை 28 ரூபாய்க்குக் கொடுத்தபோது, காய்கறி வாங்குகிற மாதிரி வாங்கினோம். அப்போதும் கடைகடையாய் ஏறி இறங்கி, 'லொள்ளு சபா முழு செட் இருக்கா?' என்று கேட்டுப் பார்த்தேன். "அது டி.வி-ல வர்றதுண்ணே, வி.சி.டி-யா எப்படி வரும்?" என்றார்கள். அந்த மோசர் பேரே 2018-ல் கலைக்கப்படும் நிலைக்கு வந்துவிட்டது.

சரி, அமெரிக்காவிலாவது ஒழுங்காக நடக்கிறதா என்றால், அங்கேயும் இதே கதைதான். 1975-ல் தொடங்கி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிற 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சிக்கு, முழு ஸீஸன் டி.வி.டி. பெட்டி 2006-ல்தான் வர ஆரம்பித்தது. முதல் ஐந்து ஸீஸனோடு நின்றும் போனது. இங்கிலாந்தில் இன்னும் மோசம். பீட்டர் குக், டட்லி மூர் இருவரும் 1960-களில் பி.பி.ஸி-யில் நடத்திய காமெடி நிகழ்ச்சியின் டேப்புகளில் பலவற்றை அழித்து, மறுபடி பயன்படுத்திவிட்டார்கள். 'புது டேப்புக்கு நாங்களே காசு தருகிறோம், அழிக்காதீர்கள்' என்று நடிகர்கள் கேட்டும் நடக்கவில்லை. சிரிக்க வைத்தவனே காசு கொடுத்தும் சிரிப்பைக் காப்பாற்ற முடியவில்லை!

"மாமா, இப்ப எல்லாம் யூடியூப்லயே இருக்கு. எதுக்கு இந்தக் குப்பை?" என்பான் என் தங்கை மகன். வாஸ்தவம்தான். நாடகங்கள் இருக்கின்றன. 'லொள்ளு சபா' துண்டு துண்டாகவும் முழுசாகவும் கிடைக்கிறது. 2019 ஜூன் 10-ம் தேதி 'கிரேஸி' மோகன் மறைந்த அன்று ராத்திரி, அவருடைய மாதுவையும் ஜானகியையும் தேடி நானும் அங்கேதான் போனேன். இப்போது முதல் பெட்டியில் இருப்பதற்குப் பெரிய மதிப்பில்லை என்று எனக்கே தெரியும்.

ஆனால், யூடியூபில் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. ஸ்டூல் மேல் டேப் ரிக்கார்டர் வைத்துப் பதிந்த அந்தக் கேசட்!

அப்பா போய்ப் பல வருஷமாகிவிட்டது. போட்டோ இருக்கிறது. எல்லா அப்பாக்களையும் போல அதில் விறைப்பாக, போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற மாதிரி நிற்கிறார். குரல்? அந்த ஒரு கேசட்டில்தான். அதிலும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சிரிக்கிறார், அவ்வளவுதான்.

போன வருஷம் அந்த நாடா அறுந்தது. எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் மலைச் சாரல் வந்தாலே போதும், பெட்டிக்குள் ஈரம் இறங்கி நாடா மேல் வெள்ளையாகப் பூசணம் பூத்துவிடும். தேனியில், டேப் ரிக்கார்டர் ரிப்பேரை இன்னும் விடாமல் செய்கிற ஒரு பெரியவரிடம் எடுத்துப் போனேன். லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"அறுந்த எடம் நைஞ்சு போச்சு தம்பி. ரெண்டு பக்கமும் கொஞ்சம் வெட்டித்தான் ஒட்டணும். அந்த எடத்துல என்ன இருக்கு? பாட்டா?"

"எங்கப்பா சிரிப்புங்கய்யா."

பெரியவர் லென்ஸைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம் மறுபடி மாட்டிக்கொண்டார். ஆடியோ கேசட் நாடா ஒரு விநாடிக்கு நாலேமுக்கால் சென்டிமீட்டர் ஓடும். இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு சென்டிமீட்டர் வெட்டினால் போவது அரை விநாடிகூட இல்லை. ஆனால், அவர் அந்த இரண்டு சென்டிமீட்டரையும் வெட்டவில்லை. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தொட்டுத் துடைத்து, தலைமுடி கனத்துக்கு மட்டும் நறுக்கி, பின்பக்கம் ஒட்டிக் கொடுத்தார். "ஒரு தடவைதான் நம்பலாம். ஓடுறப்பவே கம்ப்யூட்டர்ல ஏத்திருங்க" என்றார். கூலி எவ்வளவு என்று கேட்டால், "சிரிப்புக்கு என்ன கூலி?" என்று பத்து ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார்.

அன்று ராத்திரி அதை ஓட விட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். இரைச்சல்... டைட்டில் இசை... வசனம்... நடுவில் அப்பா! ஒட்டுப் போட்ட இடம் காதுக்குத் தெரியவே இல்லை. அவர் சிரித்து முடிப்பதற்குள் 'உஸ்ஸ்ஸ்' என்று ஒரு குக்கர் விசில்.

அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள் என் மனைவி. "அது என் குக்கருங்க! கல்யாணமாகி வந்த புதுசுல நான் வெச்சது. விசில் வந்துருச்சுன்னு அன்னிக்கு நீங்க என்னா மொறை மொறைச்சீங்க!" என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துகொண்டாள். "இன்னொருவாட்டி போடுங்க. மாமா சிரிச்சதைக் கேக்கணும்."

அதற்கப்புறம் பரணைக் காலி பண்ணுகிற பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். கடையில் வாங்கிய கேசட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது உலகத்தில் எங்காவது இன்னொருவரிடம் இருக்கும். வீட்டில் பதிந்ததை முதலில் எடுங்கள். பூசணம் பிடித்ததை அப்படியே டெக்கில் போடாதீர்கள். ஹெட்டில் ஒட்டி, அடுத்த கேசட்டுக்கும் பரவும். நல்லதாக இருந்தால் புத்தகம் மாதிரி நிற்க வைத்து, ஸ்பீக்கர் காந்தத்துக்குப் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தள்ளிப் போடவும் வேண்டாம். உலகத்தில் கடைசியாக வீடியோ டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியே 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இருக்கிற டெக்குகளுக்கும் வயசாகிறது... ரிப்பேர் பார்க்கிற பெரியவர்களுக்கும்தான்.

ஏற்றி முடித்ததும் மறக்காமல் பெயர் எழுதி வையுங்கள். நாடகத்தின் பெயர் மட்டும் போதாது. பின்னால் சிரிப்பது யார் யார் என்று வரிசையாக எழுதுங்கள். குக்கர் யாருடையது என்பதையும்!