ஏழு வாரக் கதிர்வீச்சும் அன்றாட வாழ்க்கையும்

வாய், தொண்டை, குரல்வளைப் புற்றுநோய்களுக்கான கதிர்வீச்சு சிகிச்சை பெரும்பாலும் ஆறு முதல் ஏழு வாரம் நீள்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் ஒரு முறை. சனி, ஞாயிறு ஓய்வு. ‘கரன்ட் வைப்பது’ என்று பேச்சில் சொன்னாலும் உடலுக்குள் மின்சாரம் பாய்வதில்லை. லினாக் என்னும் இயந்திரம் ஆற்றல் மிகுந்த எக்ஸ் கதிர்களைக் கட்டியின் மீது செலுத்தி, புற்றுச் செல்களின் டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது. முழுச் சிகிச்சைக்கான அளவு சுமார் 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). ஒரே நாளில் கொடுத்தால் பக்கத்திலுள்ள நல்ல திசுக்கள் தாங்காது என்பதால், நாளுக்கு 2 கிரே வீதம் 35 தவணைகளாகப் பிரிக்கிறார்கள். தவணைகளுக்கு இடையில் நல்ல செல்கள் தம்மைச் சரிசெய்துகொள்கின்றன. புற்றுச் செல்களுக்கு அந்தத் திறன் குறைவு.

ஆனால் இடைவெளி கூடினால் புற்றுச் செல்களும் பெருகத் தொடங்கிவிடும். தலை, கழுத்துப் புற்றுநோயில் சிகிச்சைக் காலம் ஒரு நாள் நீண்டாலே கட்டி கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. உறவினர் வீட்டுக் கல்யாணம், அறுவடை, லேசான சளி என்று இரண்டு மூன்று நாள் விட்டுப் பிடிப்பது அதனால் சின்ன விஷயம் அல்ல. வேலை, சமையல், பயணம் எல்லாம் அந்தத் தினசரி நேரத்தைச் சுற்றித்தான் அமைய வேண்டும். இயந்திரம் பழுதாகியோ பண்டிகை விடுமுறையாலோ நாள் தவறினால், விட்ட தவணையை எப்படி ஈடுகட்டுவது என்று மருத்துவரிடம் உடனே கேட்டுவிட வேண்டும்.

தொடங்கும் முன் பல் மருத்துவரைப் பார்ப்பது கட்டாயம். கதிர்பட்ட தாடை எலும்பில் புண் எளிதில் ஆறாது. எடுக்க வேண்டிய பல்லை முன்பே எடுத்து, ஈறு ஆறுவதற்கு இரண்டு வாரம் போல விட வேண்டும். பிறகு முகத்தின் அளவுக்கு வலைபோன்ற பிளாஸ்டிக் முகமூடி செய்து, அதை மாட்டியபடியே சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். தினமும் தலை அசையாமல் ஒரே இடத்தில் இருப்பதற்கே இந்த ஏற்பாடு. பல்செட், கம்மல், கழுத்துச் சங்கிலி, தாலி எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும். தாலியைக் கழற்றுவது பலருக்கு மனச்சங்கடமான காரியம். வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசிவிட்டால் அந்தச் சங்கடம் குறையும்.

அறைக்குள் இருப்பது கால் மணி நேரம் போல. கதிர் பாய்வது சில நிமிடங்களே. அப்போது வலி இருக்காது. வெளியே வந்தபின் உடலில் கதிர்வீச்சு தங்குவதுமில்லை. பேரக்குழந்தையைத் தூக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே படுக்கையில் தூங்கலாம். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் மருந்து உட்கொள்பவர்களுக்கான ஒதுங்கியிருக்கும் விதிகள் இவர்களுக்குப் பொருந்தாது. இது தெரியாமல் நோயாளியைத் தனி அறையில் வைக்கும் குடும்பங்கள் உண்டு. அந்தத் தனிமை தேவையே இல்லாதது.

முதல் இரண்டு வாரம் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதனால் வழக்கம்போல் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்றாம் வாரம் முதல் வாய்ப்புண், வறட்சி, ருசி மங்கல், விழுங்கும்போது வலி எல்லாம் கூடி வரும். சாப்பாடுதான் அப்போது பெரும் பாடு. காரக்குழம்பு, ஊறுகாய், முறுக்கு, சூடான காபி போன்றவை புண்ணைக் கிளறும். குழைந்த சாதம், ஆறிய கஞ்சி, ராகிக் கூழ், தயிர், பருப்பு மசியல், மென்மையாகச் செய்த முட்டை எனச் சிறுகச் சிறுகச் சாப்பிடலாம். வெறும் கஞ்சித் தண்ணீரில் புரதம் போதாது. எடை மளமளவென்று இறங்கினால் முகமூடி தளர்ந்துபோய், திட்டத்தையே மாற்ற நேரிடலாம். வாரந்தோறும் எடை பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம். விழுங்கவே முடியாதபோது மூக்கு வழியாகக் குழாய் போடுவது தோல்வி அல்ல. சிகிச்சை நிற்காமல் ஓட அது கைகொடுக்கிறது. உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான நீரால் நாளுக்குப் பலமுறை வாய் கொப்பளிக்க வேண்டும். வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன் போட்டுக்கொண்டால் விழுங்குவது எளிதாகும்.

கழுத்துத் தோல் சிவந்து கருக்கும். அங்கே மஞ்சள் பூசுவதும் எண்ணெய் தேய்ப்பதும் கூடாது. மருத்துவர் தரும் களிம்பு மட்டுமே. கழுத்தை உறுத்தாத பருத்திச் சட்டை அணிந்து, வெயிலில் துணியால் மறைத்துக்கொள்ளலாம். புகையிலையும் மதுவும் அறவே கூடாது. புகை இரத்தத்தின் ஆக்சிஜனைக் குறைக்கும். ஆக்சிஜன் குறைந்த கட்டியில் கதிர் சரியாக வேலை செய்யாது.

அசதி படுத்தினாலும் நாள் முழுதும் படுத்தே இருந்தால் அது கூடத்தான் செய்யும். காலையோ மாலையோ சிறிது தூரம் நடப்பது உதவும். வெளியூரிலிருந்து வருபவர்கள் தினமும் பல மணி நேரம் பஸ்ஸில் அலைவதைவிட, மருத்துவமனைக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்குவது மேல். சிகிச்சைக்கான ரயில் பயணத்தில் புற்றுநோயாளிக்கும் உடன் வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்கு மருத்துவமனைச் சான்று வேண்டும்.

எல்லாப் புற்றுநோய்க்கும் இத்தனை வாரம் தேவைப்படாது. மார்பகப் புற்றுநோயில் 15 தவணைகளில், அதாவது மூன்றே வாரத்தில், முடிப்பது இப்போது பரவலாகிவிட்டது.

வாய், தொண்டைப் புற்றுநோயில் கடைசித் தவணை முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் புண்ணும் அசதியும் கூடுவதுண்டு. பிறகுதான் மெல்லத் தணியும். ருசி திரும்ப மாதங்கள் ஆகும். வாய் வறட்சி சிலருக்கு நிலைத்துவிடும். எச்சில் குறைந்தால் பல் சொத்தை விரைவாக வரும் என்பதால் ஃபுளூரைடு பற்பசையும், பல் மருத்துவரிடம் முறையான பரிசோதனையும் ஆயுள் முழுதும் தொடர வேண்டியவை.