சைமன் சுந்தரராஜ்

தேவமணி சைமன் சுந்தரராஜ் தமிழ்நாட்டைச் சேர்ந்த கால்பந்தாட்ட வீரரும் பயிற்சியாளரும் ஆவார். 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக் போட்டிகளில் இந்திய அணிக்காகத் தாக்குதல் வரிசையில் ஆடினார். அங்கு பெரு அணிக்கு எதிராக இவர் அடித்த கோலே, ஒலிம்பிக் கால்பந்தாட்டத்தில் இந்தியா அடித்த கடைசிக் கோலாகும். பயிற்சியாளராக, 1973இல் கேரள அணி முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வெல்ல வழிகாட்டினார்.

பின்னணி

இந்தியக் கால்பந்தாட்டத்தின் பொற்காலம் என்று 1950களும் 1960களின் தொடக்கமும் குறிப்பிடப்படுகின்றன. ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரகீம் அப்போது தேசிய அணியின் பயிற்சியாளராக இருந்தார். 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் ஆத்திரேலியாவை 4-2 என்ற கணக்கில் வென்ற இந்தியா நான்காம் இடத்தைப் பெற்றது. இதனால் ரோம் போட்டிகளின்போது அணியின் மீது எதிர்பார்ப்பு மிகுந்திருந்தது. தகுதிச் சுற்றில் இந்தோனேசியாவை 4-2, 2-0 என்ற கணக்குகளில் வென்று இந்தியா ரோம் செல்லும் வாய்ப்பைப் பெற்றது.

ரோம் ஒலிம்பிக், 1960

போட்டியில் பங்கேற்ற 16 அணிகள் நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு பிரிவிலும் முதலிடம் பெறும் அணி மட்டுமே அரையிறுதிக்குச் செல்லலாம் என்பது விதி. பி. கே. பானர்ஜி தலைமையிலான இந்திய அணி அங்கேரி, பிரான்சு, பெரு ஆகிய அணிகளுடன் ஒரே பிரிவில் இடம்பெற்றது.

• ஆகத்து 26: அங்கேரி 2 - இந்தியா 1. இந்தியாவின் கோலைத் துளசிதாஸ் பலராம் அடித்தார்.
• ஆகத்து 29: இந்தியா 1 - பிரான்சு 1. பானர்ஜி அடித்த கோலால் முன்னிலை பெற்றிருந்த இந்தியாவைப் பிரான்சு பின்னர்ச் சமன் செய்தது.
• செப்டம்பர் 1: பெரு 3 - இந்தியா 1. இந்தியாவின் கோலைச் சுந்தரராஜ் அடித்தார்.

பெருவுடன் ஆடுவதற்கு முன்பே இந்தியா அரையிறுதி வாய்ப்பை இழந்திருந்தது. எனவே சுந்தரராஜின் கோல் ஆட்டத்தின் முடிவையோ பிரிவின் நிலையையோ மாற்றவில்லை; அன்று அது ஓர் ஆறுதல் கோலாகவே இருந்தது. ஒரு புள்ளியுடன் இந்தியா பிரிவில் கடைசி இடத்தைப் பெற்றது. எனினும் இந்த முடிவை வைத்து மட்டும் அணியின் தரத்தை மதிப்பிட இயலாது. இந்தியாவை ஒரே கோல் வேறுபாட்டில் வென்ற அங்கேரி, அதே பிரிவில் பெருவை 6-2 என்றும் பிரான்சை 7-0 என்றும் வென்று, இறுதியில் வெண்கலப் பதக்கம் பெற்றது என்பது குறிப்பிடத்தக்கது.

கடைசிக் கோல்

இந்தியா நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் கால்பந்தாட்டத்தில் பங்கேற்றுள்ளது. அவற்றில் 1948இல் ஒன்று, 1952இல் ஒன்று, 1956இல் ஐந்து, 1960இல் மூன்று என மொத்தம் பத்துக் கோல்களை அடித்தது. முதற் கோலை 1948இல் இலண்டனில் பிரான்சுக்கு எதிராக எஸ். ராமன் அடித்தார், பத்தாவது கோல் சுந்தரராஜினுடையது. 1964 டோக்கியோ போட்டிக்கான தகுதிச் சுற்றில் ஈரானிடம் இந்தியா தோற்றது. அதன்பின் எந்த ஒலிம்பிக் போட்டிக்கும் இந்தியக் கால்பந்தாட்ட அணி தகுதி பெறவில்லை. அடித்த நாளில் பெரிதாகக் கருதப்படாத ஒரு கோல், பின்வந்த அணிகளின் தோல்விகளாலேயே வரலாற்றில் நிலைத்துவிட்டது எனலாம்.

பயிற்சியாளராக

மாநில அணிகளுக்கிடையிலான சந்தோஷ் கோப்பைப் போட்டி 1941இல் தொடங்கியது. 1956இல் உருவான கேரள மாநிலம் நெடுங்காலம் இக்கோப்பையை வெல்லவில்லை. 1973 திசம்பரில் எர்ணாகுளத்தில் நடந்த இறுதியாட்டத்தில், சுந்தரராஜிடம் பயிற்சி பெற்ற கேரள அணி இரயில்வே அணியை 3-2 என்ற கணக்கில் வென்றது. மூன்று கோல்களையும் அணித்தலைவர் மணியே அடித்தார். அவ்வணியின் துணைத்தலைவராக இருந்த டி. ஏ. ஜாபர் பின்னாளில் பயிற்சியாளரானார். 1992இல் கோயம்புத்தூரில் கேரளம் இரண்டாம் முறையாகக் கோப்பையை வென்றபோது அவரே அணியின் பயிற்சியாளர்.