உங்களுக்குத் தெரியுமா? தோப்பும் காற்றும் உடம்பும்

● ஆனி, ஆடியில் கோவை வட்டாரத்தைச் சிலுசிலுவென வைத்திருக்கும் காற்று, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகல இடைவெளி அது. எதிரெதிரே ஜன்னல் வைத்த ஓட்டு வீட்டுக்கு அந்தக் காற்றே போதும். கான்கிரீட் கூரையோ பகலில் வாங்கிய வெப்பத்தை ராத்திரியில் வீட்டுக்குள் இறக்கும். கைக்குழந்தையும் வயசானவர்களும்தான் அதில் முதலில் வாடுகிறார்கள். தமிழக அரசு 2024-இல் வெப்ப அலையைப் பேரிடராகவே அறிவித்துவிட்டது.

● தொண்டாமுத்தூர்ப் பக்கம் கேஸ் அடுப்பு வந்த வீட்டிலும் குளிக்க வெந்நீர் வைப்பது தென்னை மட்டையிலும் பாளையிலும்தான். விறகுப் புகை போன்ற வீட்டுப் புகையால் 2020-இல் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அடுப்பை வாசலுக்கு வெளியே தள்ளிப் போடுங்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊதவே வேண்டாம்.

● நம் ஊருக்கு அழகும் வருமானமும் தருவது பாக்குத் தோப்பு. ஆனால் புகையிலை சேராத வெறும் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதி செய்திருக்கிறது. அந்த அறிக்கை வெளியானது 2004-இல். தொடர்ந்து மென்றால் கன்னத்தின் உட்சதை இறுகும், காரம் பட்டால் எரியும், வாய் திறப்பது குறைந்துகொண்டே போகும். சிலருக்கு அது புற்றாகவும் மாறும். வாய்க்குள் மூன்று விரலைச் செங்குத்தாக வைக்க முடியவில்லையென்றால் பல் மருத்துவரைப் பாருங்கள். தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலாவுக்கு 2013-இலேயே தடை வந்துவிட்டது. வெறும் பாக்குக்குத் தடை இல்லை. தோப்பை வெட்டச் சொல்லவில்லை, அது பல குடும்பங்களுக்குச் சோறு. கல்யாணத் தாம்பூலமும் இருக்கட்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளை கையில் பாக்குப் பொட்டலம் இருப்பதை மட்டும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

● சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பள்ளிகளில் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருஷத்தில் அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. மற்ற பள்ளிகளில் 39.5 சதவீதம். காரணம் திறந்தவெளி வெளிச்சம் என்பதே பலரின் கருத்து. தோட்டத்துச் சாளையில் வளரும் பிள்ளைக்கு அது காசில்லாமல் கிடைக்கிறது. விளையாட்டுப் பீரியடில் கணக்குப் பாடம் நடத்தாதீர்கள்.

● ஸ்டேன்ஸ் மில் வந்த 1888 முதல் கோவையின் சோறு பஞ்சில்தான். பஞ்சுத் தூசியால் வரும் ‘பிசினோசிஸ்’ நோய்க்கு ஒரு விசித்திரக் குணம்: லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள்தான் நெஞ்சை அதிகம் அடைக்கும். திங்கட்கிழமை மூச்சுத் திணறலைச் சோம்பல் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

● வேலியோரம் வெள்ளைப் பூ பூக்கும் பார்த்தீனியம் தோல் அரிப்பையும் மூச்சிரைப்பையும் தரும். பூப்பதற்கு முன்பே பிடுங்குங்கள், கையுறையோடு.

● பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்தவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இது. பார்த்தது 46 பேரைத்தான், சிறிய கணக்கு. இருந்தாலும் படுக்கையில் இருக்கும் அப்புச்சியின் கட்டிலை வெள்ளியங்கிரி மலை தெரிகிற பக்கம் போட என்ன செலவு?

● டெங்கு கொசு முட்டையிடுவது நல்ல தண்ணீரில், தொட்டியின் ஓரச் சுவரில். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மறுபடி நிரப்பினால் பொரிக்கும். அதனால் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. வாரம் ஒரு முறை உட்சுவரை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும்.