நெகட்டிவ் இல்லாத முகம்

1850 வாக்கில் சாலமன் நூனெஸ் கர்வாலோ தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படம் வாஷிங்டனில், காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்த யூதர், ஓவியர், போட்டோகிராபர்.

பிலிம் கழுவி, பிரிண்ட் போட்டே ஸ்டூடியோ நடத்தியவன் நான். இந்தப் படத்துக்கு நெகட்டிவே கிடையாது என்பதுதான் என்னை உலுக்குகிறது. இது டாகரோடைப். வெள்ளி பூசிய செப்புத் தகட்டைப் பளபளவென்று தேய்த்து, அயோடின் ஆவி காட்டி, கேமராவில் வைப்பார்கள். பிறகு சூடாக்கிய பாதரசத்தின் ஆவியில் உருவம் எழும்பி வரும். ஹைப்போ என்ற ரசாயனக் கரைசலில் கழுவினால் நிலைக்கும். தகட்டைச் சற்றே சாய்த்தால் வெளுப்பும் கறுப்பும் இடம் மாறும். இன்னும் சாய்த்தால் பார்ப்பவர் முகமே அதில் தெரியும். அந்தத் தகடு போனால் படமும் போயிற்று.

1853இல் ஆய்வுப் பயணி ஜான் ஃப்ரீமாண்ட், ரயில் பாதைக்கு வழி தேடி ராக்கி மலைகளுக்குப் புறப்பட்டார். அந்தப் பயணத்தில் படம் எடுக்கக் கர்வாலோவும், மெழுகுத்தாள் முறையில் படமெடுக்கும் இன்னொருவரும் வந்திருந்தார்கள். இருவருக்கும் போட்டி வைத்தார்கள். கர்வாலோவின் படம் அரை மணியில் தயார். மற்றவருடையதற்கு மறுநாள் வரை பொறுக்க வேண்டியிருந்தது. கர்வாலோவைத்தான் அழைத்துப்போனார்கள்.

வழியில், செயென் பழங்குடிப் பெண் ஒருத்தியின் பித்தளை வளையல்களில் அவர் பாதரசம் தடவ, அவை வெள்ளியாக மின்னின, அங்கிருந்தவர்கள் அசந்துபோனார்கள். மலைக்கு மேலேயோ கடுங்குளிர். பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இறங்கும் குளிரில், இடுப்பளவு பனியில் நின்று தகடு தேய்த்து, ஆவி காட்டிப் படம் எடுத்தார். ஏ.சி. அறையிலேயே ரசாயனத்தின் சூடு ஒரு டிகிரி பிசகினால் தடுமாறியவர்கள் நாங்கள். அந்த உழைப்பின் அருமை எங்களுக்குத் தெரியும். சாப்பாடு தீர்ந்து, குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் அடித்துத் தின்றார்கள். ஒருவர் இறந்தே போனார். மிஞ்சியவர்கள் 1854 பிப்ரவரியில் யூட்டாவின் பரோவன் ஊரை அடைந்தார்கள்.

அப்படிக் கொண்டுவந்த தகடுகள் 1881இல் நியூயார்க் கிடங்கு ஒன்றில் பிடித்த தீயில் அழிந்தன. எஞ்சியதாகக் கருதப்படுவது, செயென் மக்களின் கூடாரங்களைக் காட்டும், சிதைந்துபோன ஒரே ஒரு தகடு. அதனால்தான் ஸ்டூடியோவில் எடுத்த அந்த முகப்படத்துக்கு இத்தனை மதிப்பு.

உங்கள் வீட்டில் நெகட்டிவ் இல்லாத பழைய படம் இருந்தால், இந்த வாரமே நகல் எடுத்துவிடுங்கள். படத்தில் இருப்பவர் யார் என்று நகலின் பின்னால் எழுதியும் வையுங்கள்.