ஆடியவரே சொல்ல வேண்டும்

பந்தை உதைப்பவன் ஒருவன். உதைத்த விதத்தை ஊருக்கு எடுத்துச் சொல்பவன் இன்னொருவன். இவ்விருவரில் யாரிடம் அதிகாரம் அதிகம் என்று கேட்டால், உதைப்பவனிடமே என்று பெரும்பாலோர் பதில் அளிப்பார்கள். நமது அபிப்பிராயம் வேறு. ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு சம்பவத்தையும் அதன் பின்விளைவுகளையும் கொண்டு அதை விளக்க விரும்புகிறோம்.

அந்நாட்டின் தென் மாகாணங்களில் கிரிக்கெட்டைக் காட்டிலும் ஜனங்களின் மனதைக் கொள்ளை கொண்ட ஆட்டம் ஒன்று உண்டு. ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து என்று அதற்குப் பெயர். அணிக்குப் பதினெட்டுப் பேர். மைதானமும் பந்தும் முட்டை வடிவம். பந்து நடுக் கம்பங்களின் இடையே சென்றால் 6 புள்ளிகள்; ஓரக் கம்பத்தினுள் சென்றால் 1 புள்ளி. 1859-ம் வருஷம் மெல்போர்ன் நகரில் அதன் விதிகள் முதன்முதலாக எழுதப்பட்டன. இவ்வாட்டத்தில் பெயர் பெற்றவர்கள், ஓய்வு பெற்ற பின் வானொலியிலும் டெலிவிஷனிலும் வர்ணனையாளர்களாக அமர்வது அங்கே சர்வ சாதாரணம். மிஸ்டர் கில்பர்ட் மக்காடம் என்பவர் அந்த ஆசனத்தில் போய் அமர்ந்ததோ சாதாரண விஷயமன்று.

மிஸ்டர் மக்காடம் மத்திய ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரைச் சேர்ந்தவர். அந்தக் கண்டத்தின் ஆதிக்குடிகளில் ஒருவர். தென் ஆஸ்திரேலிய லீகில் தலைசிறந்த ஆட்டக்காரருக்கு வழங்கப்படும் மகாரி பதக்கத்தை 1989-ல் பெற்றார். ஆதிக்குடியினர் எவரும் அதற்கு முன் அப்பதக்கத்தைப் பெற்றதில்லை. பின்னர் மெல்போர்னின் செயின்ட் கில்டா அணியிலும், அதன் பின் பிரிஸ்பேன் அணியிலும் ஆடினார்.

1993-ம் வருஷம் ஏப்ரல் 17-ந் தேதி, காலிங்வுட் அணியின் சொந்த மைதானமாகிய விக்டோரியா பார்க்கில் செயின்ட் கில்டா ஆடியது. மிஸ்டர் மக்காடத்தையும், அவருடைய சகோதர ஆட்டக்காரரும் ஆதிக்குடியினருமான மிஸ்டர் நிக்கி வின்மாரையும், கூட்டத்தினர் நிறத்தைச் சொல்லி ஏசினர். இருவரும் அன்று முன்னணியில் நின்று ஆடினர். செயின்ட் கில்டா வென்றது. ஆட்டம் முடிந்ததும் மிஸ்டர் வின்மார் ஏசிய கூட்டத்தை நோக்கித் தமது சட்டையைத் தூக்கி, தமது தோலை விரலால் சுட்டிக் காட்டினார்.

மறுநாள் பத்திரிகைகளில் அப்படம் வெளிவந்தது. ஒரு பத்திரிகை, தாம் கறுப்பர் என்பதில் அவர் பெருமை கொள்கிறார் என்று தலைப்பிட்டது. மற்றொன்றின் தலைப்போ அவருடைய துணிச்சலை மெச்சிற்று. நிறத்தைப் பற்றி மௌனம் சாதித்தது. செய்கை ஒன்றே, அர்த்தம் இரண்டு! சில நாட்களுக்குப் பின் காலிங்வுட் கழகத்தின் தலைவர், ஆதிக்குடியினர் வெள்ளையரைப் போல நடந்து கொள்ளும் வரையில் எல்லோரும் அவர்களை மதிப்பார்கள் என்ற கருத்தை டெலிவிஷனில் வெளியிட்டார். இத்தகைய மதிப்பைவிட வசையே மேல் என்று நமக்குத் தோன்றுகிறது. நிற, மத நிந்தையைத் தடுக்கும் விதியை லீக் 1995-ல்தான் இயற்றியது.

மைதானத்திற்கு விதி வந்தது, ஒலிபெருக்கிக்கு வந்ததா? 1999-ல், ஜிலாங் அணியின் புகழ் பெற்ற முன்னாள் ஆட்டக்காரரான மிஸ்டர் ஸாம் நியூமன், பிரபல டெலிவிஷன் நிகழ்ச்சி ஒன்றில், வராமல் போன மிஸ்டர் வின்மாரைப் பரிகசிக்கும் பொருட்டுத் தம் முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு தோன்றினார். அவரும் மைதானத்திலிருந்து ஒலிபரப்பிற்குச் சென்றவரே.

இந்தப் பின்னணியில்தான் 'மார்ன்க்ரூக்' நிகழ்ச்சியின் பெருமை விளங்கும். வெள்ளையர் வருமுன் விக்டோரியாவின் மேற்குப் பகுதி ஆதிக்குடிகள், போஸம் என்னும் பிராணியின் தோலால் செய்த பந்தைக் கொண்டு ஆடிய ஆட்டத்தின் பெயர் அது. இன்றைய கால்பந்து அதிலிருந்து பிறந்ததா என்பது பற்றிச் சரித்திர ஆசிரியரிடையே விவாதம் உண்டு. அப்பெயரைச் சூட்டி, கிராண்ட் ஹான்ஸன் என்ற ஆதிக்குடி இசைவாணர் 1997-ல் வானொலி நிகழ்ச்சி ஒன்றை ஆரம்பித்தார். 2007-ல் அது ஆதிக்குடிகளுக்கென்று ஏற்பட்ட தேசிய டெலிவிஷன் நிலையத்தில் இடம் பெற்றது. மிஸ்டர் மக்காடம் அங்கே நேயர்களுக்குப் பழக்கமான முகமானார். விக்டோரியா பார்க்கில் வசை கேட்டு வாய் மூடி ஆட நேர்ந்தவர், அந்த ஆட்டத்தைப் பற்றியே தம் இனத்தாரோடு அமர்ந்து, தம் பாணியில், சிரித்துப் பேசி அபிப்பிராயம் சொன்னார்.

நாம் வக்கீல் தொழில் பயின்றவர்கள். ஒருவனுடைய வாக்குமூலத்தை எதிர்க்கட்சிக்காரனே எழுதி, அவனே வாசித்துக் காட்டினால் வழக்கு என்னவாகும் என்பது நமக்குத் தெரியும். சொல்லும் உரிமை கையில் இல்லாதவனுடைய வெற்றிகூடப் பிறர் தயவில் நிற்கிறது. இது வெறும் அச்சமன்று. 2020-ல், அதாவது சம்பவம் நடந்து இருபத்தேழு வருஷம் கழித்து, அதே மிஸ்டர் நியூமனும் அவருடைய சகாக்கள் இருவரும், மிஸ்டர் வின்மாரின் செய்கைக்கும் நிறத்திற்கும் சம்பந்தமில்லை என்று ஒலிப்பதிவு ஒன்றில் வாதித்தனர். மிஸ்டர் வின்மார் சட்டத்தின் உதவியை நாடவே, மன்னிப்புக் கோரினர். அச்செய்கை அதற்கு முந்திய வருஷமே பெர்த் நகரின் பெரிய மைதானத்திற்கு வெளியே வெண்கலச் சிலையாக நின்றிருந்தது. சிலை வைத்தபின்னும் சாட்சியை மறுக்க ஆள் கிடைத்தது!

மார்ன்க்ரூக் நிகழ்ச்சி 2019-ம் வருஷத்து ஆட்டப் பருவத்தோடு நின்றுவிட்டது. ஆதிக்குடியினர் பங்குகொள்ளும் வேறொரு நிகழ்ச்சி அதனிடத்தில் வந்தது உண்மையே. ஆயினும் பன்னிரண்டு வருஷம் டெலிவிஷனில் பழகிய ஒரு குரல், ஒரு நிலையத்தின் தீர்மானத்தால் நின்றுபோகக் கூடும் என்பது யோசிக்கத் தக்கது. ஆசனம் கிடைப்பது முதற்படி. ஆசனத்தை அளிப்பவர்களிலும் தம்மவர் இருப்பது அடுத்த படி.

பட்டங்களும் பதக்கங்களும் மனிதனுக்குப் புகழ் தரும். அப்புகழின் பொருளை நிர்ணயிப்பவர்கள் அதை எடுத்துச் சொல்பவர்களே. ஆதலால், மிஸ்டர் மக்காடம் 1989-ல் பெற்ற பதக்கத்தைக் காட்டிலும், ஒலிபெருக்கியின் முன் அவர் பெற்ற இடத்தையே நாம் பெரிதென மதிக்கிறோம்.